நானூற்று முப்பத்தொரு அநாதைக் கோப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

சர்வர் அணையாமல் ஓடி இன்றோடு 1,204 நாள். காலையில் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அறையில் மச்சான்தான் இருந்தார். சொன்னேன்.

"அதுக்கு என்ன இப்ப, கேக் வெட்டணுமா மாப்ளே?"

மனைவியின் அண்ணனே முதலாளியாகவும் இருந்தால் இதுதான் வசதி. ஆபீஸில் பட்டதை வீட்டில் சொல்ல முடியாது, வீட்டில் பட்டதை ஆபீஸில் சொல்ல முடியாது.

ஊரில் இருநூற்றுப் பத்து லிஃப்டுகளைப் பராமரிக்கிறோம். எங்கள் ஆபீஸ் தரைத்தளத்தில். மூன்றாவது மாடி நல்ல வெளிச்சத்தோடு கிடைத்தபோது மச்சான் வேண்டாம் என்றுவிட்டார். "லிஃப்ட் நின்னுட்டா யார் ஏறுறது?" சொன்னவர் லிஃப்ட் கம்பெனி முதலாளி.

கேக் விஷயத்தைப் பதிவேட்டில் ஏற்றினேன். எண் 388.

மார்ச் 5, புதன்

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 6, வியாழன்

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைக் கேட்காமல் அணைத்தார். "உங்களுக்கு எதுக்கு சார் காத்து, மெஷினுக்குத்தான் ஏசி இருக்கே." 389.

இந்த நோட்டு பொது விஷயங்களுக்கு மட்டும். யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பது சர்வரில் தனிக் கோப்பு. பத்தொன்பது வருடமாகத் தேதி, நேரம், இடம், சாட்சி எல்லாவற்றோடும் இருக்கிறது. பழைய வரைபட ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர் தாண்டி, 'மின்விசிறி உத்தரவாதம்' என்ற பெயரில். அந்தப் பெயரைப் பார்த்து ஆசைப்பட்டுத் திறக்கிற மனிதன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். வீட்டில் வைத்தால் மனைவி படித்துவிடுவாள்.

மார்ச் 7, வெள்ளி

காலை 11.10க்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி நாற்பது வினாடி தாங்கியது. சர்வர் விழுந்தது. 1,207 நாள் — போச்சு.

திரும்பப் போட்டால் பாதியில் நின்றுவிட்டது. கறுப்புத் திரை. கோப்பமைப்பு சிதைந்திருக்கிறது, ஆள் உட்கார்ந்து கையால் சோதிக்கவும் என்று ஒரு வரி. மச்சான் பின்னால் வந்து நின்றார். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: "எல்லாம் பேட்டரிக்காரர் வேலை."

சோதனையை ஓட்டினேன். இந்த மெஷினுக்குக் கோப்பின் பெயர் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் எண், அவ்வளவுதான். பெயர் என்பது ஃபோல்டரில் ஒட்டிய சீட்டு. ஃபோல்டர் கிழிந்தால் சீட்டு பறந்துவிடும், பண்டம் மட்டும் எங்கோ கிடக்கும். சோதனை அதைக் கண்டுபிடித்துக் கேட்கும்: இந்த எண்ணுக்கு வீடு இல்லை, கண்டெடுத்தவற்றின் அடுக்கில் போடவா?

போடு. போடு. போடு. முதல் அறுபது கேள்விகளைப் படித்துவிட்டு 'ஆம்' கொடுத்தேன். பிறகு படிக்கவில்லை. 431 ஆம்.

முடிந்த பிறகுதான் எந்த ஃபோல்டர் கிழிந்தது என்று பார்த்தேன். பழைய வரைபடங்கள், அதை ஒட்டியிருந்த பராமரிப்புப் பதிவுகள் — உள்ளே இருந்த எல்லாம்.

என்னுடையதும் அதில் ஓர் எண். எந்த எண்? பத்தொன்பது வருடம் எழுதினேனே, ஒரு நாளாவது அதன் எண்ணைப் பார்த்து வைத்தேனா? ஒரு நிமிட வேலை.

சரி, டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகத் தேடி எடுத்துவிடலாம் என்று போனேன். பன்னிரண்டு நிமிடம்.

திரும்பி வந்தால் பேட்டரிக்காரர் சர்வர் முன்னால் கையில் பழுப்பு டேப்போடு நிற்கிறார். மச்சான் போனில் திட்டியிருக்கிறார், அவர் ஓடி வந்திருக்கிறார்.

"பன்னண்டு வருஷமா மாட்டறேன், இதுவரைக்கும் ஒரு சொல் கேட்டதில்லை. யார் தப்புன்னு தெரியற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது, ஐயா."

மச்சானுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு எதிரான எதுவும் அவருக்கு உடனே நியாயமாகப் படும். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று பார்க்க, 431 கோப்புகளையும் நானே என் கையால் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். பிறகு சர்வரைச் சுற்றி டேப். பார்சல் மாதிரி இருக்கிறது.

மார்ச் 8, சனி

நிலவரம் இதுதான். பாதுகாப்புத் துறை ஆய்வாளர் 19ஆம் தேதி வருகிறார். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஐந்து வருடப் பராமரிப்புப் பதிவு கேட்பார். இல்லையென்றால் உரிமம் இல்லை. பதிவுகள் பாதிக்கு மேல் வெறும் பூச்சியம். காகிதம் கிடையாது. 'எல்லாம் சர்வரில் இருக்கிறதே' என்று அலமாரி அலமாரியாகக் காலி செய்யச் சொன்னவன் நான்.

பிரதி? ஒவ்வொரு வெள்ளியும் எடுத்தேன். அதே டிஸ்கின் இன்னொரு மூலையில். தனி டிஸ்க் கேட்டதற்கு, "ஒரு வீட்டுக்கு எத்தனை பூட்டு மாப்ளே?" என்றார் மச்சான். அது 212.

அது எனக்குக் கவலை இல்லை. 214தான் கவலை.

முன்பெல்லாம் சர்வர் தன்னைத் தானே அவ்வப்போது சோதித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் ஆகும். ஒருநாள் மச்சான், "என்ன இது, மெஷின் உட்கார்ந்து பேன் பார்க்குது" என்றார், எல்லோர் முன்னாலும். அன்று எழுதினேன் — வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது: 'இன்று முதல் சோதனையை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றேதான். என்றாவது விழட்டும். அப்போது தெரியும்.'

விழுந்துவிட்டது. யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அதை வேறு யாராவது முதலில் படித்தால் வேலை போகும். ஐம்பத்திரண்டு வயதில் யார் எடுப்பார்கள்? வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, உங்க அண்ணன் மேல் கோபத்தில் உங்க அண்ணன் கம்பெனியையே கவிழ்த்துவிட்டேன் என்றா?

மார்ச் 10, திங்கள்

கோப்புகளைத் திறந்து பார்த்து இது இன்னது என்று பெயர் வைக்க மூன்று பேர். மச்சான் 144, கிடங்கு அம்மா 144, நான் 143. மூன்று லேப்டாப்.

"நானே எல்லாத்தையும் பார்த்துடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷத்துல எனக்குச் சிரமம் வேண்டாம்னு நீ சொல்றது இதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையா?"

என் பங்கில் இன்று: ஒரு வங்கிக் கட்டட லிஃப்டின் வரைபடம், மேல் பாதி மட்டும். யாரோ பல் பிடுங்கியதற்கு விடுப்புக் கடிதம். மச்சான் உடம்பைக் குறைக்கப் போட்ட திட்டம், மூன்று பிரதிகள். மூன்றும் முதல் நாள் காலையோடு நின்றுவிட்டன.

மார்ச் 11, செவ்வாய்

கிடங்கு அம்மாவுக்குப் படிப்பதை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். ஒவ்வொரு கோப்பு திறக்கும்போதும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"என்ன சார், கழுத்து வளருது?"

"உங்களுக்குக் கண் வலிக்குமேன்னு..."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க முழிதான் சரியில்லை."

மார்ச் 12, புதன்

என் 143 முடிந்தது. அதில் இல்லை.

மச்சானிடம் போய் முன்னெச்சரிக்கையாகச் சொன்னேன்: "பெரிய அளவுல ஏதாவது கோப்பு இருந்தா திறக்காதீங்க. லேப்டாப் கெட்டுடும்."

"அப்படியா" என்றார். உடனே எல்லாவற்றையும் அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். எது பெரியது என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும். பள்ளியில் இதற்குப் பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

மச்சானின் அறைக் கதவு காலை பத்திலிருந்து மூடியிருக்கிறது. பதினொன்றரைக்கு உள்ளே ஒரு சிரிப்பு. பன்னிரண்டுக்குக் கிடங்கு அம்மாவை அழைத்தார். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கிடங்கு அம்மா பேசாமல் போவதை இன்றுதான் பார்க்கிறேன். இரண்டுக்குப் பேட்டரிக்காரர் வந்து உள்ளே போனார்.

என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கூப்பிட்டார்கள்.

மேசை மேல் தொண்ணூற்றாறு பக்கம், அச்சடித்து, ஓரத்தில் நூல் கோத்து. கிடங்கு அம்மா, பேட்டரிக்காரர், மச்சான். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே பயமாக இருந்தது.

கிடங்கு அம்மாதான் ஆரம்பித்தார். "நூத்திப் பன்னண்டுல என்னை 'நடமாடும் ஒலிபெருக்கி'ன்னு போட்டிருக்கீங்க."

"அது... அப்போதைய மனநிலை."

"அன்னிக்கு நான் கத்தினதே உங்களைப் படியிலேருந்து விழாம காப்பாத்தத்தான். அதையும் போட்டிருக்கலாம்ல?"

மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, செய்தி வாசிக்கிற குரலில் படித்தார்:

"'ஜூன் 9. பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாவது லிஃப்டுக்குக் கம்பிக் கயிறு மாற்றப் போனவர்கள் காலை 9.20க்கு என் குடையைக் கேட்காமல் எடுத்துப் போனார்கள். வேலை முடிந்து 3.05க்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஈரமாக. ஒரு கம்பி வளைந்திருந்தது. சாட்சி: கிடங்கு அம்மா.'"

நிமிர்ந்தார். "மாப்ளே, அந்த லிஃப்டுக்குக் கயிறு எப்ப மாத்தினோம்னு ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்."

தாளைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. யார் என் மதிய உணவு நேரத்தில் எந்த லிஃப்டுக்காகப் போன் செய்தார்கள், எந்தக் கதவு மாற்றிய நாளில் என் நாற்காலியை ஏணியாக வைத்தார்கள், எந்த மோட்டார் பழுதுக்காக என் விடுப்பை ரத்து செய்தார்கள். எல்லாம் நாள், நேரத்தோடு. மீண்ட மற்ற கோப்புகளையும் சேர்த்து நூற்று அறுபத்து மூன்று லிஃப்டுகள் தேறிவிட்டன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு. 214. அதையும் படித்தார், அதே செய்திக் குரலில்.

பேட்டரிக்காரர்தான் மெல்லக் கேட்டார்: "அப்ப என் பேட்டரி?"

மன்னிச்சுக்குங்க என்கிற வார்த்தை என் வாயில் சரியாக உட்காரவில்லை, பழக்கமில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பேட்டரியும் பழசுதான்" என்றார் மச்சான். "இவர் மாத்தச் சொல்லி ரெண்டு தடவை வந்தார். நான்தான் பார்த்துக்கலாம்னுட்டேன். அதுவும் இதுல இருக்கு, முன்னூத்தி ஒண்ணு. 'நல்லவர் ஒருவர் சொல்வதையும் கேட்க மாட்டார்'னு எழுதியிருக்கான்."

பேட்டரிக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லவர்னா நானா?"

"வேறு யாரும் அன்னிக்கு வரலை" என்றேன்.

மச்சான் எழுந்தார். "உன்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும் மாப்ளே. ஆனா அனுப்பினா இந்தப் பாஷையை யார் விளக்குறது? பத்தொன்பதாம் தேதி முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

ஆக, தலைக்கு மேல் கத்தி இருக்கிறது. நாள் குறித்துத் தொங்குகிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "என்னைப் பத்தி எத்தனை?"

அண்ணன் சொல்லிவிட்டார்.

"இருபத்தேழு."

"அவ்வளவுதானா?" நிஜமாகவே ஏமாற்றம். "பத்தொன்பது வருஷத்துக்கு இருபத்தேழா? நான் மனசுலயே நானூறு வச்சிருக்கேன்."

அச்சுப் பிரதியை வாங்கிப் படித்தாள். சமையல் நின்றுபோனது. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "அம்பத்தி மூணு தப்பு. அன்னிக்கு நான் லேட்டா வரலை. நீங்க தப்பான வாசல்ல நின்னீங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். தப்பான வாசல்தான். பதினாறு வருடமாக அதற்காக ஒரு ஓரத்தில் கோபமாக இருந்திருக்கிறேன். திருத்தினேன். இருபத்தாறு.

"வேலை போயிடுமா?" என்று கேட்டேன், பொதுவாக.

"தெரியலை. அண்ணன் சிரிச்சுக்கிட்டே பேசினாரு. அவரு கோவமா இருந்தாலும் சிரிப்பாரு."

மார்ச் 17, திங்கள்

மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். 'அன்று மூன்று மணி இல்லை சார், நாலு மணி' என்று வாதம் வேறு. ஒருவரும் கோபப்படவில்லை. என்னைத் திட்டியதற்கு ஆதாரம் கிடைத்ததில் சிலருக்குப் பெருமைகூட.

சிக்கல் மூத்த மெக்கானிக்கால். தொண்ணூற்றாறு பக்கமும் புரட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"நான் எங்கயுமே இல்லையே சார்?"

"நல்லதுதானே."

"பதினெட்டு வருஷமா இருக்கேன். ஒரு தடவை கூடவா உங்களுக்கு ஒண்ணும் பண்ணலை? சும்மா வந்து போற தண்ணி கேன் ஆளே நாலு இடத்துல இருக்கான்."

கோப்பின் தலைப்பகுதி மீளவில்லை. முதல் நாற்பது பதிவுகள் இருந்த இடத்தில் கிறுக்கல்தான் வந்திருக்கிறது. "நீங்க அந்த முதல் நாற்பதுல இருந்தீங்க" என்றேன். "நிறைய இடத்துல."

"அப்படியா?" என்றார். "மோசமாவா?"

"ரொம்ப மோசமா."

நிமிர்ந்து நடந்து போனார்.

மார்ச் 18, செவ்வாய்

மெக்கானிக்குகள் சொன்னதையும் சேர்த்து இருநூற்றுப் பத்தில் இருநூற்று எட்டு. மீதி இரண்டும் ஒரு பல் ஆஸ்பத்திரியில். அங்கே யாரும் எனக்கு எதுவும் செய்ததில்லை. முதல் தடவையாக அதற்காக வருத்தப்பட்டேன். கடைசியில் பல் ஆஸ்பத்திரிக்காரர்களே தங்கள் காகிதங்களை அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

ஆய்வாளர் ஒல்லியான பெண்மணி. சிரிக்காதவர். நாங்கள் தொகுத்ததையும் அதற்கு மூலமான அந்தத் தொண்ணூற்றாறு பக்கத்தையும் சேர்த்தே கேட்டார். மூன்று மணி நேரம் படித்தார்.

"இதுல ஏன் மழைக்காலத்துல எல்லாப் பழுதுக்கும் ஒரு குடை வருது?"

மச்சான் இருமினார். நான் சுவரைப் பார்த்தேன்.

"போகட்டும். நேரம் இருக்கு, சாட்சி இருக்கு, யார் போனாங்கன்னு இருக்கு. மத்த இடத்துல எல்லாம் 'சரி பார்க்கப்பட்டது'ன்னு ஒரே வரியை நூறு தடவை எழுதியிருப்பாங்க. இதை எழுதினவர் உட்கார்ந்து கவனிச்சிருக்கார்."

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். 'மேற்கண்ட பதிவுகள் என்னால் விருப்பு வெறுப்பின்றி எழுதப்பட்டவை என உறுதி கூறுகிறேன்.'

பேனாவைத் திறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நானா? விருப்பு வெறுப்பின்றியா?

"போடு மாப்ளே" என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

போட்டேன். என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய பொய்க்குக் கையெழுத்திட்டதில்லை. உரிமம் கிடைத்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

மச்சான் கூப்பிட்டுவிடுவார் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் அந்த முதல் நாற்பதை ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தேன். ஒன்பதுதான் வந்தது. முதல் பதிவு மட்டும் அழியாது என்று நினைத்திருந்தேன். எனக்குக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைக்கவிருந்ததும், மச்சான் முதல்வரிடம் என்னவோ சொல்லிக் கெடுத்ததும். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன். ஆனால் அவர் சொன்ன வார்த்தை என்ன? பத்தொன்பது வருடம் அதைச் சுமந்திருக்கிறேன், வார்த்தை ஞாபகம் இல்லை.

மூன்று மணிக்கு நானே போய்க் கேட்டேன். எப்படியும் அனுப்பப்போகிறார், கேட்டுவிட்டே போகலாம்.

அவர் யோசிக்கவே இல்லை. "மாப்ளேக்கு வாய் நீளம், பார்த்துக்குங்கன்னு சொன்னேன்."

"அதனால வேலை போச்சு."

"ஆமா, போச்சு. போயிருந்தா ஆறு மாசத்துல முதல்வரோட சண்டை போட்டு வெளிய வந்திருப்ப. என் தங்கச்சி என்கிட்டதான் வந்து அழுதிருப்பா. இங்க பத்தொன்பது வருஷம் தாங்கியிருக்கேனா இல்லையா?"

அவர் சொன்னதில் எந்த இடத்தைப் பிடித்து மறுப்பது?

"நாளைக்கு வருவேல்ல?" என்றார், ஏதோ ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. "வந்து அந்த டேப்பைப் பிரி. மெஷின் பார்சல் மாதிரி உட்கார்ந்திருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை சோதனை ஓட்டணும். ரெண்டு மணி நேரமோ நாலு மணி நேரமோ ஆகட்டும்."

அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

டேப்பைப் பேட்டரிக்காரரே பிரித்தார். புது பேட்டரி மாட்டினார். தனி டிஸ்க் வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன், வேலை போகவில்லை என்று. "தெரியும், அண்ணன் நேத்தே சொல்லிட்டாரு" என்றாள். என்னிடம் நேற்றே சொல்லவில்லை!

ஏப்ரல் 5, சனி

முதல் மாதச் சோதனை. சர்வரை நானே அணைத்தேன், நானே ஓட்டினேன். இரண்டு மணி பத்து நிமிடம். துணைக்குப் பேட்டரிக்காரர். அவருக்கு இதில் வேலை இல்லை, ஆனாலும் வந்து உட்கார்ந்துவிட்டார். சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவர் பெண்ணின் கல்லூரி பற்றிப் பேசினார். திரை கடைசியில் சொன்னது: பிழை இல்லை.

கிடங்கு அம்மா எட்டிப் பார்த்தார். "இந்த வாரம் என்ன எழுதினீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமே இல்லையா? எங்க ஒருத்தர் மேலயுமா?" நம்பவில்லை. முகத்தில் கொஞ்சம் கவலைகூட. என் மேசையைக் கண்ணால் அளந்தார். பிறகு என் ஸ்டீல் அளவுகோலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், மெதுவாக, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தபடியே போய்விட்டார்.

மணி 12.40. கேட்கவில்லை. சாட்சி: பேட்டரிக்காரர்.